இரண்டாமவர் எண்ணியது

எங்கள் கல்லூரி நூலகத்தின் வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு நேர் மேலே, கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. அதற்குள் சில வருடங்கள் ஒட்டியிருந்த நான்கு பக்கப் பட்டியலைத் தயாரித்தது நான்தான். ‘கீழ்க்கண்ட இதழ்களில் வரும் ஆய்வுக் கட்டுரைகள் பணி நியமனத்துக்கோ பட்டத்துக்கோ ஏற்கப்பட மாட்டா’ என்பது தலைப்பு. பணம் வாங்கிக்கொண்டு கண்டதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்களின் பெயர்கள் கீழே வரிசையாக இருந்தன. எல்லாரும் அதைக் கறுப்புப் பட்டியல் என்றார்கள். ஒட்டிய அன்று, ஓரம் கோணாமல் இருக்கிறதா என்று நாலடி தள்ளி நின்று பார்த்துப் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதில் ஒரு பெயர் இருந்திருக்கக் கூடாது. அது இருந்ததால் எனக்கு ஒரு தோழி இல்லாமல் போனாள்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி, கணவருக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை என்பதால் இங்கே வந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் புதிதாக ஆரம்பித்திருந்த ஒரு கல்லூரியில் எனக்கு நூலகர் வேலை கிடைத்தது. குடியிருப்பில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். எல்லாரும் பொதுவாக ஒரு தமிழ் பேசினார்கள். நானும் என் தமிழை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு அந்தத் தமிழைப் பேசினேன்.

என்னிடமிருந்து பழைய பேச்சை வெளியே இழுத்தவள் அவள்தான். விலங்கியல் துறையில் தொகுப்பூதியத்தில் இருந்த விரிவுரையாளர். செய்யூர்ப் பக்கம் அவள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, வேர்க்கடலை பறித்துக் கூலி வாங்கியவர்கள். அவர்கள் தெருவிலேயே முதுகலை படித்த முதல் பெண் இவள். முதல் வருடம் ஒருநாள் நூலகத்தில் அவள் புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். தட்டி எழுப்பப் போன நான், என்னையும் அறியாமல், “ஏட்டி, எந்திட்டி” என்றுவிட்டேன். கண்ணைத் திறந்தவள் சிரித்த சிரிப்பில் வாசிப்பறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“இன்னாக்கா அது, ஏட்டி? இன்னொரு வாட்டி சொல்லு.”

அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா, அவள் எனக்கு ஏட்டி. ஒருமையில்தான் பேசுவாள். அவள் பக்கத்தில் அக்காவை யாரும் நீங்கள் என்று சொல்வதில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. குடியிருப்பில் எனக்கு ‘மிஸஸ்’ போட்டுக் கணவர் பெயரைச் சொல்லும் ஆட்கள்தான் நிறைய.

இரண்டு பேரும் தெற்கே போகிறவர்கள். சாயங்காலம் கல்லூரி வாசலில் ஏறி மாமல்லபுரத்தில் இறங்கி, அங்கே அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம். உளிச் சத்தம் ஓயாத அந்த பஸ் நிலையத்தில், வெள்ளைக்காரர்களின் முதுகுப் பைகளுக்கு நடுவே, ஒரு பொட்டலம் சுண்டலைப் பாதி பாதியாகத் தின்போம். பஸ் வந்ததும் முதலில் ஏறி ஜன்னல் வழியாகத் தன் பையைப் போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடிப்பாள். அந்தப் பையில் விடைத்தாள் இருக்கும், சாப்பாட்டு டப்பா இருக்கும், கூடவே ஒரு கயிற்றுச் சுருளும் நாலு சவுக்கு முளைகளும் இருக்கும்.

அந்தக் கயிறுதான் அவள் ஆய்வு. செய்யூர் உப்பங்கழிச் சேற்றில், ஒரு கை மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக உள்ள குட்டி நண்டுகள் வளை தோண்டி வாழ்கின்றன. எந்த இடத்தில் எத்தனை வளை, மழைக்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று எண்ணுவதுதான் அவள் வேலை. பகுதி நேரமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். சின்ன வயதில் அம்மா கூடக் கரையோரம் விறகு பொறுக்கப் போனபோது பார்த்த நண்டுகள் அவை. “அதுங்க எங்க வூட்டாண்ட கீற ஜனங்கக்கா. எத்தினி பேருன்னு யாராவது ஒரு வாட்டி எண்ணி எழுதணும்ல?” என்று ஒருநாள் சொன்னாள். அதற்கு மேல் பெரிய காரணம் எதையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை கல்லூரி அரை நாள். என் கணவருக்குச் சனிக்கிழமையும் வேலை. குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். அப்படித்தான் நானும் அவளோடு உப்பங்கழிக்குப் போக ஆரம்பித்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி, சவுக்குத் தோப்பைக் கடந்தால் சேறு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவோம். அவள் நாலு முளைகளை அடித்துக் கயிற்றைச் சதுரமாகக் கட்டுவாள். கொஞ்ச நேரம் அசையாமல் நிற்போம். பிறகு எண்ணுவோம்.

எண்ணுவதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். இரண்டு பேரும் தனித்தனியாக, வாயைத் திறக்காமல் எண்ண வேண்டும். அவள் எண்ணி முடித்ததும் பேனாவால் உள்ளங்கையில் எழுதி, விரலை மடக்கி மூடிக்கொள்வாள். அதற்கப்புறம்தான் என்னிடம் கேட்பாள். நான் சொன்னபின் கையைத் திறந்து காட்டுவாள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஒன்றாக இருந்தால் அவளுக்கு முகமெல்லாம் பல். இல்லாவிட்டால் கையைப் பார்ப்பாள், சேற்றைப் பார்ப்பாள், நோட்டில் எதையோ எழுதுவாள்.

ஒரு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் மண்டையைப் பிளந்தது. அன்றைய கடைசிச் சதுரம். அதன் ஒரு மூலையில் பொடிப் பொடி வளைகள் நெருக்கமாகக் கிடந்தன. குனிந்துதான் எண்ண வேண்டும். எனக்கு இடுப்பு வலி, தண்ணீரும் தீர்ந்துவிட்டது. குனியவில்லை. நின்றபடியே ஒரு பார்வை பார்த்து, “பதினேழு” என்றேன்.

அவள் கையைத் திறந்தாள். இருபத்தொன்று என்று எழுதியிருந்தது.

“எதை எழுதப் போறே?” என்று கேட்டேன்.

“அது எம் பேஜாரு. உனக்கு இன்னாத்துக்கு? நீ எண்ணுனல்ல, அது போதும்” என்று நோட்டை மூடிவிட்டாள். திரும்பி வரும் வழியில் நுங்கு வாங்கிக் கொடுத்தாள். தின்ற பிறகு நான் அந்தச் சதுரத்தை மறந்துபோனேன்.

ஐந்தாறு வருடச் சேற்று மிதிப்புக்குப் பிறகு, இரண்டாயிரத்தைத் தாண்டிய சமயம், அவள் கட்டுரை எழுதி முடித்தாள். அனுப்பியது வெளிநாட்டு இதழுக்கு இல்லை. செங்கல்பட்டில் ஓர் அரசுப் பள்ளி உயிரியல் ஆசிரியரும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் சேர்ந்து, வருடத்துக்கு இரண்டு முறை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஓர் இதழ். பழுப்பு அட்டை. பஸ் நிலையத்துக்குப் பின்னால், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் அச்சாகும். முகவரி என்று ஒரு தபால் பெட்டி எண் மட்டும். படம் இருந்தால் அச்சுச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கேட்பார்கள். ஏரியில் வரும் பறவை, குன்றில் வளரும் பாசி, கடலோரத்துக் கிளிஞ்சல் என்று இந்த மாவட்டத்து உயிர்களைப் பற்றி மட்டுமே போடுவார்கள். இந்த நண்டுகளைப் பற்றி உலகத்தில் வேறு யாருக்கு அக்கறை இருக்கப்போகிறது?

அப்படியும் லேசில் போட்டுவிடவில்லை. முதல் தடவை, மழைக்குப் பிந்திய கணக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு வருடம் எண்ணினாள். இரண்டாவது தடவையும் தபால் திரும்பி வந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் உறையைப் பிரித்தாள். ஓரத்தில் இதழாசிரியரின் சிவப்பு மையில் ஒரு வரி, கீழே இரண்டு கோடு.

“ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கீறாரு. கரெக்டாத்தான் கேட்டுக்கீறாரு” என்றாள். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குக் கல்பாக்கத்தில் இறங்கியதும் ரேஷன் கடைக்கு ஓட வேண்டியிருந்தது.

மூன்றாவது தடவை கட்டுரை வந்துவிட்டது. இதழை நூலகத்துக்குக் கொண்டுவந்து, என் மேசை மேல் வைத்து, ஏதோ கைக்குழந்தையைக் காட்டுகிற மாதிரி பக்கத்தைத் திறந்து காட்டினாள். நான் முத்திரை குத்தி, எண் போட்டு, அலமாரியில் வைத்தேன்.

“படிச்சிட்டுச் சொல்லுக்கா.”

“படிக்கேன் ஏட்டி, படிக்கேன்.”

படிக்கவில்லை. வீடு, பிள்ளைகள், வேலை என்று சாக்குச் சொல்ல எனக்கும் தெரியும். உண்மை அது இல்லை. சேற்றில் கூடவே நின்றவளுக்கு இதில் படித்துத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு. அது வெறும் மெத்தனம், வேறொன்றுமில்லை.

அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான் அந்த மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. ‘மதிப்புக்குரிய பேராசிரியரே, தங்கள் மேலான ஆய்வைக் கண்டு வியந்தோம், அடுத்த இதழுக்குக் கட்டுரை தந்து சிறப்பியுங்கள்’ என்று தினமும் காலையில் நாலைந்து இருக்கும். வாழ்நாளில் ஒரு கட்டுரையும் எழுதாத எனக்கே வந்தது. என்னுடைய எந்த ஆய்வைக் கண்டு வியந்தார்களோ தெரியவில்லை, நூலக அபராதச் சீட்டைத் தவிர நான் எழுதியது எதுவும் இல்லை. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியாகிவிடும். கல்லூரியில் சிலர் அப்படி வருடத்துக்கு எட்டு, பத்து என்று போட ஆரம்பித்தார்கள். ஒரு மாணவியின் ஆய்வறிக்கையை அப்படியே தூக்கித் தன் பெயரில் போட்டுக்கொண்ட ஓர் ஆளையும் எனக்குத் தெரியும். அந்தப் பெண் என் மேசை முன்னால் நின்று அழுதாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. முதல்வர் அறைக்குப் போய்க் கத்தினேன்.

முதல்வர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நீங்களே ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க மேடம். கமிட்டில வச்சு ஓகே பண்ணிடலாம்” என்றார்.

போட்டேன். ஆசை ஆசையாகப் போட்டேன். எந்த இதழ் போலி என்று கண்டுபிடிக்க ஐந்து கேள்விகள் வைத்துக்கொண்டேன். சொந்தமாக இணையதளம் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்களா, இலவச மின்னஞ்சல் இல்லாமல் தனி முகவரி வைத்திருக்கிறார்களா, எழுதுகிறவரிடம் பணம் கேட்கிறார்களா, ஆங்கிலத்தில் பிழை மலிந்திருக்கிறதா. ஐந்தில் மூன்றில் தப்பு விழுந்தால் அந்த இதழ் கறுப்பு. ஆளைப் பார்க்காமல் அளவைப் பார்க்கிற முறை என்று எனக்கு அதில் ஒரே கர்வம். ஒரு நாளைக்கு இருபது முப்பது இதழ்களை அப்படித் தள்ளினேன். ஒரு கட்டுரையைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. படிக்காமலே முடிவெடுக்க முடிவதுதான் அந்த முறையின் சௌகரியம்.

இணையத்தில் இருந்ததெல்லாம் முடிந்து, நூலகத்துக்கு வரும் இதழ்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது பழுப்பு அட்டை கைக்கு வந்தது.

இணையதளம் இல்லை. ஆசிரியர் குழுவில் நாலு பேர், நாலு பேரும் இந்த மாவட்டம். மின்னஞ்சல் இலவசக் கணக்கு. பணம் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் அச்சுக் கோத்தவரின் கைவண்ணம் பக்கத்துக்கு ஒன்று. ஐந்தில் ஐந்து.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாதா? அவள் கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்ததை, ஒரு வருடம் கூடுதலாகச் சேறு மிதித்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். போலி இதழ் எங்காவது கட்டுரையைத் திருப்பி அனுப்புமா? ஆனால் ‘எத்தனை முறை திருப்பி அனுப்பினார்கள்’ என்பது என் ஐந்து கேள்விகளில் இல்லை. இதை விட்டுவிட்டால், தன் சிநேகிதி எழுதிய இதழ் என்று விட்டுவிட்டாள் என்பார்கள். எட்டும் பத்தும் போட்டவர்கள் அதைத்தானே முதலில் பிடித்துக்கொள்வார்கள்? பட்டியலே அடிபட்டுப்போகும். நான் நேர்மையானவள் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர்தான் அன்று எழுதியது. பெயரைச் சேர்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

அவளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்து இருக்கையில்தான் தினமும் உட்கார்ந்திருந்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் பட்டியல் பலகைக்குப் போய்விட்டது.

காலை இடைவேளையில் வந்தாள். செருப்பைக் கழற்றக் குனிந்தவள் நிமிர்ந்து படித்திருக்க வேண்டும். உள்ளே வந்து என் மேசைக்கு எதிரே நின்றாள். கோபமாக இருப்பாள் என்று நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் சத்தமே போடவில்லை.

“நீ படிச்சியாக்கா?”

“எதை?”

“என்துதான் வேணாம். அந்தப் புக்குல எதுனா ஒண்ணு. ஒரே ஒரு பக்கம்.”

“விதின்னு ஒண்ணு வச்சா எல்லாருக்கும் ஒண்ணுதானே” என்றேன். அதைச் சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் தலையாட்டினாள். “சரிக்கா” என்றாள். போய்விட்டாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு யாரும் இடம் போடவில்லை.

அடுத்த மாதமே அவள் துறையில் ஒரு நிரந்தர இடத்துக்கு நேர்காணல் நடந்தது. பத்து வருடத்துக்கும் மேலாக அவள் காத்திருந்த இடம். ஏற்கப்பட்ட இதழில் ஒரு கட்டுரையாவது வேண்டும் என்பது நிபந்தனை. அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அதைப் பட்டியலைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். இடம் கிடைத்தவருக்கு ஏழு கட்டுரைகள், ஏழும் ஒரே இதழில். பக்கத்தைத் திறந்ததும் பூமிப் பந்து சுற்றும் இணையதளம், ஆசிரியர் குழுவில் பல நாட்டுப் பெயர்கள், தனி முகவரி, பிழையில்லாத ஆங்கிலம். டாலரில் பணம் கேட்டதால் ஐந்தில் ஒன்று மட்டும் தப்பு. என் அளவுகோலில் அது சுத்தமான இதழ். பிறகு ஒருநாள் அந்தக் குழுவில் இருந்த ஒரு வெளிநாட்டுப் பேராசிரியருக்கு நானே எழுதிக் கேட்டேன். அப்படி ஓர் இதழ் இருப்பதே தனக்குத் தெரியாது என்று பதில் வந்தது.

அதற்குள் பழுப்பு இதழின் ஆசிரியர் ஒரு மத்தியானம் மோட்டார் சைக்கிளில் வந்தார். துணிப்பையில் பழைய இதழ்களும், மதிப்பீட்டாளர்கள் எழுதிய கடிதக் கட்டும். மேசை மேல் அடுக்கிவைத்துவிட்டு, “பேரை எடுக்கணும்னா இன்னா செய்யணும் மேடம்? அப்ளிகேஷன் எதுனா கீதா?” என்று கேட்டார்.

நான் கோப்பைப் புரட்டினேன். பட்டியலில் ஓர் இதழைச் சேர்க்கப் படிவம் இருந்தது. நானே கோடு போட்டுத் தயாரித்த படிவம். நீக்குவதற்கு ஒன்றும் இல்லை. அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, என் தவறு என்றும் சேர்த்து எழுதி, கமிட்டிக்குக் கொடுத்தேன்.

“ஒண்ணை எடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க மேடம்” என்றார் முதல்வர். “அதோட, நம்ம லிஸ்ட்ட நாலு காலேஜுல ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போயிருக்காங்க. இப்ப நாமளே தப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

நாலு கல்லூரிக்கும் நானே கடிதம் போட்டேன். பதில் இல்லை. அவர்களிடம் போனது பெயர்கள் மட்டும்தான், கேள்விகளோ காரணமோ அந்தத் தாளில் இல்லை. போலி இதழ்களுக்கோ என் பட்டியலால் ஒரு நஷ்டமும் வரவில்லை. பெயர் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஆறு மாதத்தில் புதுப் பெயரில் கடை திறந்தார்கள். ஓரிரு வருடத்தில் அந்த நான்கு பக்கங்களில் முக்கால்வாசி செத்த பெயர்கள். பெயரை மாற்றத் தெரியாத இதழ் பழுப்பு அட்டை ஒன்றுதான். அதற்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு அதுவும் வருவது நின்றது.

அவள் அந்த வருடமே விலகிவிட்டாள். ஆராய்ச்சிப் பட்டத்தையும் அப்படியே விட்டுவிட்டாளாம். கேளம்பாக்கத்தில், கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களுக்கென்று அடுக்குமாடிகள் முளைத்த பகுதியில், ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராகப் போயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கேளம்பாக்கம் ஒன்றும் வேறு தேசம் இல்லை. ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியாததால் ஒவ்வொரு மாதமும் போகவில்லை.

ஆனால் அவளுக்காக நான் ஏங்கியதைச் சொல்லாமல் விட முடியாது. மாமல்லபுரத்தில் சுண்டல் வாங்கினால் பாதிப் பொட்டலம் மிஞ்சியது. சனிக்கிழமை மத்தியானங்களில் வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல், சுத்தமாக இருந்த அலமாரியையே திரும்பத் திரும்ப அடுக்கினேன். என் கணவர் நல்ல மனிதர், “போய்ப் பாத்துட்டு வாயேன்” என்று எத்தனையோ தடவை சொன்னார். மழை பெய்தால் உப்பங்கழியில் இப்போது எத்தனை வளை இருக்கும் என்று மனசு தன்னால் கேட்கும். ஏட்டி என்று கூப்பிட எனக்கு இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. அந்தச் சொல் திரும்பவும் டிரங்குப் பெட்டிக்குப் போய்விட்டது.

ஒரே ஒரு முறை பார்த்தேன். அதே மாமல்லபுரம் பஸ் நிலையம், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தாள். தலையில் இரண்டு நரை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். கிட்டே போனேன். அவள் என்னைப் பார்த்தாள், சிரித்தாள். பகையே இல்லாத சிரிப்பு.

“நல்லா இருக்கீங்களா மேடம்?” என்றாள்.

நல்லா இருக்கேன் என்றேன். அவளை நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளை குறைகிறது என்று யாரோ கூப்பிட, போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போயிருப்பேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்.

நூலகத்துக்கு இடம் போதவில்லை என்று, நின்றுபோன இதழ்களையெல்லாம் கழித்துப் பழைய காகிதத்துக்குப் போடச் சொன்னார்கள். அந்த வேலையும் எனக்குத்தான் வந்தது. கறுப்புப் பட்டியலில் உள்ளவை முதலில் போக வேண்டுமாம். கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த இதழ் கைக்கு வந்தது. என் முத்திரை, என் கையெழுத்தில் எண். எடுத்துச் சென்றவர்களைக் குறிக்கும் சீட்டு பின்னட்டையில் வெறுமையாக இருந்தது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, காகிதக் கட்டின் மேலேயே உட்கார்ந்து அவள் கட்டுரையைப் படித்தேன்.

ஆங்கிலம் அப்படியொன்றும் மோசமில்லை. கயிற்றுச் சதுரம் வந்தது, சவுக்கு முளை வந்தது. எண்ணும் முறையைச் சொல்லும் பகுதியில், உள்ளங்கையில் எழுதி மூடிக்கொள்வதைக்கூட நாகரிகமாக எழுதியிருந்தாள். அதற்கு அடுத்த வரிதான் அந்தச் சிவப்பு மைக் கேள்விக்குப் பதிலாக அவள் சேர்த்தது என்று படித்தவுடனே புரிந்தது. இரண்டு பேர் எண்ணியதாகச் சொல்கிறீர்களே, வேறுபட்டால் எதை எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவள் எழுதியிருந்தது இது: ‘முதலாமவர் இந்த ஆய்வின் முடிவை எதிர்பார்த்திருப்பவர்; அவர் எண்ணிக்கை அந்தப் பக்கம் சாயக்கூடும். ஆகவே எண்ணிக்கை வேறுபட்ட இடங்களிலெல்லாம் இரண்டாமவர் எண்ணியதே எடுத்துக்கொள்ளப்பட்டது.’

இரண்டாமவர் நான்.

அட்டவணையைத் தேடினேன். விரலை வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டு போனேன். பங்குனி வெயில் நாள், கடைசிச் சதுரம். பதினேழு என்று அச்சாகியிருந்தது. அவள் குனிந்து, மூலையில் கிடந்த பொடி வளைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கையில் எழுதிய இருபத்தொன்றை விட்டுவிட்டு, நான் நின்ற வாக்கில் அள்ளிவிட்ட பதினேழைப் போட்டிருந்தாள். அந்த இதழைப் பொய்யென்று உலகத்துக்குச் சொன்னவள் நான். அந்தக் கட்டுரையில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பொய் உண்டு, அதுவும் நான் சொன்னதுதான்.

அந்த இதழை மட்டும் கட்டில் சேர்க்கவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், இந்த வேலையில் நான் செய்த ஒரே திருட்டு. கேளம்பாக்கம் போய் என்ன சொல்வது என்ற குழப்பம் இனி எனக்கு இல்லை. ஆனால் அதற்குள் அவள் அந்தப் பள்ளியையும் விட்டுப் போயிருந்தாள். எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. செய்யூரில் அவர்கள் வீட்டில் வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை நான் மட்டும் போய் உப்பங்கழிக் கரையில் நின்றுவிட்டு வந்தேன். தண்ணீர் ஏறியிருந்தது, வளை ஒன்றும் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்பதெல்லாம் அப்புறம். அவளைப் பார்த்தால் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஏட்டி, அன்னைக்கு நான் எண்ணவே இல்ல. உன் கையில இருந்ததுதான் சரி.